குரலைப் படமாக்குவது

குழந்தைகளுக்காக எழுதப்பட்ட மாயக் கதைகளைத் திரைப்படமாக்கும் தொழிலில் ஈடுபட்டவர்களைக் கண்டால் எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "புத்தகத்தில் உள்ளபடியே எடுத்திருக்கிறீர்களா?" கேட்பவர் பத்து வயதுச் சிறுமியாக இருந்தாலும், அந்த வயதில் அந்த நூலைப் படித்துவிட்டு அரை நூற்றாண்டாக அதை மனத்திற்குள் வைத்துப் போற்றிவரும் முதியவராக இருந்தாலும், கேள்வியின் தொனியில் ஓர் எச்சரிக்கை கலந்தே இருக்கும். லண்டனில் இத்தகைய நூல்களுக்குத் திரைக்கதை அமைக்கும் வேலையில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட நான், அந்தக் கேள்வியை ஒருபோதும் அற்பமாக எண்ணியதில்லை. ஒரு குழந்தை தான் நேசித்த கதையின் சார்பில் நம்மிடம் கணக்குக் கேட்கிறது, அந்தக் கணக்கைக் காட்ட நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பல நூல்களோடு பழகிப் பழகி எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம், கேட்பவர்கள் எதிர்பார்ப்பதிலிருந்து சற்றே மாறுபட்டது. எந்தச் சம்பவம் விடுபட்டது, எந்தப் பாத்திரம் நீங்கியது என்று பட்டியலிடுவதற்கு முன்னால், அந்த நூலில் நமக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் படத்தில் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதே முதற் காரியம் என்று நான் கருதுகிறேன்.

பெரியவர்களுக்கான நாவல்களில் ஆசிரியர் தம்மை மறைத்துக்கொள்வது வெகு நாளாக ஒரு நாகரிகமாகவே இருந்துவருகிறது. குழந்தைகளுக்கான மாயக் கதைகளிலோ அவர் நம் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' கதையிலும், டோல்கியன் 1937-இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' நூலிலும், சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளிலும், நடுவழியில் கதையைச் சற்றே நிறுத்தி, கேட்கும் குழந்தையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஒரு பெரியவரின் பிரசன்னத்தை நாம் பக்கத்துக்குப் பக்கம் உணர்கிறோம். பயங்கரம் நெருங்கும்போது அதை எவ்வளவு தூரம் நெருங்க விடலாம் என்று நிர்ணயிப்பவர் அவர். ஆச்சரியம் நிகழும்போது அவசரப்படாமல் நின்று பார்க்க அவகாசம் தருபவரும் அவரே. திரைப்படம் தொடங்கியவுடன் முதன்முதலாக வெளியேற்றப்படுகிறவரும் அவர்தான். சிங்கம், சூனியக்காரி, டிராகன் எல்லாம் படத்தில் வந்து சேர்ந்துவிடும். நம்மை அவற்றின் அருகே கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் மட்டும் வந்து சேர்வதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் குழந்தை, எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று காரணம் சொல்லத் தெரியாமல் வருந்துவதற்கு, பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்த இழப்பே ஹேதுவாக இருக்கிறது.

ஆகவே ஒரு நூல் என் மேஜைக்கு வந்தால், நான் முதலில் செய்கிற காரியம் அதை ஆதியோடந்தமாக வாய்விட்டுப் படிப்பது. மௌனமாகப் படிக்கையில் கண் சம்பவங்களைத் தேடி ஓடிவிடுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் ஆசிரியர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார், எங்கே வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பது புலப்படும். இரண்டாம் முறை படிக்கையில் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, எந்தப் பாத்திரமும் பேசாத, எந்தச் செயலும் நிகழாத, கதைசொல்லிக்கு மாத்திரமே உரிய வாக்கியங்களை அடிக்கோடிடுவேன். திரைக்கதை எழுதும் பழக்கமுள்ளவர்கள் முதல் வாசிப்பிலேயே அடித்துத் தள்ளுகிற வாக்கியங்கள் அவை, ஏனெனில் அவற்றைப் படம் பிடிக்க முடியாது. அவற்றையே நான் அட்டைகளில் எழுதிச் சுவரில் குத்தி வைப்பேன். அந்த அட்டைகள் ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஏதேனும் ஓர் உருவம் கிடைத்தாலொழிய வேலை முடிந்ததாக எண்ணுவதில்லை.

இதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். நார்னியா வரிசையில் முதலில் வந்த நூல் 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. ஜெஃப்ரி பிளெஸ் என்ற பதிப்பகத்தார் பாலின் பெய்ன்ஸ் என்னும் ஓவியப் பெண்மணியின் சித்திரங்களுடன் 1950-இல் அதை வெளியிட்டார்கள். பதினேழு அத்தியாயங்கள், நிதானமாகப் படித்தால் நாலு, நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து கிராமப்புறத்துப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்கு குழந்தைகளில் இளையவளான லூஸி, ஓர் உடை அலமாரிக்குள் நுழைந்து, தொங்கும் ரோமக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போய்ப் பனிக்காடு ஒன்றில் நிற்கிறாள். அவள் நுழைகிற இடத்தில் லூயிஸ், அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வது புத்தியற்ற செயல் என்பது அவளுக்குத் தெரியுமாதலால் கதவைத் திறந்தே வைத்தாள் என்று சொல்கிறார். இந்த எச்சரிக்கை ஒரு தடவையோடு நிற்பதில்லை. மறுபடியும் மறுபடியும் வருகிறது. படிக்கிற குழந்தைகள் தங்கள் வீட்டு அலமாரிகளில் புகுந்து மூச்சு முட்டிப் போகக் கூடாதே என்ற ஒரு பெரியவரின் கவலை அது என்றுதான் மேலெழுந்தவாரியாகத் தோன்றும். திரைக்கதையில் அதற்கு இடம் ஏது என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் லூஸியின் சின்ன அண்ணன் எட்மண்ட் நுழையும் இடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவன் உள்ளே குதித்துக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அது எவ்வளவு பேதைமை என்பதை மறந்துவிட்டான் என்கிறார் லூயிஸ். அண்ணனையும் அக்காவையும் தங்கையையும் ஓர் இனிப்புப் பண்டத்துக்காகக் காட்டிக்கொடுக்கப் போகிற பையனின் சுபாவம் முழுவதும் அந்த ஒரு கதவில் இருக்கிறது. தங்கையின் கை திறந்து வைத்த கதவு. அண்ணனின் கை சாத்திய கதவு: இரண்டே ஷாட்டுகள், ஒரு வார்த்தை வசனம் வேண்டியதில்லை. கதைசொல்லி பேசிய பேச்சு முழுவதும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிவப்புப் பென்சிலால் நான் தேடுவது இத்தகைய இடங்களையே.

தம் கதைகள் நடிகர்களைக் கொண்டு படமாவதை லூயிஸ் விரும்பவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1959-இல் பி.பி.சி. வானொலிக்காக நார்னியாக் கதையொன்றை நாடகமாக்கிய லான்ஸ் சீவ்கிங் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ஒலியோடு நிற்கிற வானொலிக்கு ஆட்சேபம் இல்லை என்றும், மனிதர்கள் மிருக வேஷம் பூண்டு நடிக்கிற தொலைக்காட்சிக்குத் தாம் அடியோடு விரோதி என்றும், அஸ்லான் என்ற அந்தச் சிங்கத்தை அவ்விதம் காட்டுவது தம்மைப் பொறுத்தவரை தெய்வ நிந்தனைக்குச் சமம் என்றும் அவர் தெரிவித்தார். இவ்வளவு கடுமை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நூலில் அஸ்லானின் பெயர் முதன்முதலாக உச்சரிக்கப்படுகிற இடத்தை நினைத்தால் காரணம் விளங்கும். அவன் யார் என்று அறியாத நான்கு குழந்தைகளுக்கும் அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளத்தில் வெவ்வேறு உணர்ச்சி பிறக்கிறது. பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டு, உருவத்தை வெகு நேரம் ஒளித்து வைத்து, பக்தியும் பயமும் ஒருங்கே வளரும்படி செய்கிறார் ஆசிரியர். அப்படி வளர்ந்த ஒன்றின் மேல் தோல் போர்த்திய மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் கண்டிருந்தார். லூயிஸ் 1963-இல் காலமானார். அவர் அஞ்சிய இடர்ப்பாட்டைக் கணினிச் சித்திரக் கலை வந்துதான் ஓரளவு தீர்த்தது.

ஆண்ட்ரூ ஆடம்ஸன் டைரக்ட் செய்து 2005-இல் வெளியான இந்நூலின் படத்தை, தொழில் முறையில் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரஷாம் தயாரிப்பில் பங்கு கொண்டிருந்தார். நூலின்மேல் அன்பும் அச்சமும் உள்ளவர்கள் செய்த வேலை என்பது எங்கும் தெரிகிறது. அதில் நான் தலை வணங்கும் இடங்களும் உண்டு. மனம் நொந்த இடமும் உண்டு. படம் லண்டன் மீது குண்டு விழும் இரவோடு தொடங்குகிறது. விமானங்கள், சைரன் ஒலி, தகப்பனாரின் புகைப்படத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடும் எட்மண்ட், அவனை இழுத்துவந்து கடிந்துகொள்ளும் மூத்த அண்ணன் பீட்டர், பிறகு ரயில் நிலையத்தில் தாயாரைப் பிரிதல் என்று பல நிமிஷங்கள் செல்கின்றன. நூலிலோ இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம்தான். ஒரு வாக்கியத்தை இவ்வளவு நீட்டுவது அத்துமீறல் அல்லவா என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன சமாதானம் இது: 1950-இல் அந்த வாக்கியத்தைப் படித்த குழந்தை, நிலவறையில் படுத்து அந்தச் சைரனைத் தன் காதாலேயே கேட்ட குழந்தை. போர் முடிந்து ஐந்தாண்டு ஆகியும் பிரிட்டனில் மிட்டாய் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. அதற்கு ஒரு வாக்கியம் போதும். சூனியக்காரி பெட்டி நிறைய இனிப்புத் தருகிறாள் என்றால் எட்மண்ட் ஏன் மயங்கினான் என்பதற்கும் விளக்கம் வேண்டியதில்லை. 2005-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அந்த ஞாபகம் இல்லை. அந்த ஞாபகத்தை முதலில் உண்டாக்கித் தந்துவிட்டுத்தான் அலமாரிக் கதவைத் திறக்க முடியும். கதைசொல்லி தம் காலத்துக் குழந்தையோடு பகிர்ந்துகொண்டிருந்த மௌனத்தை டைரக்டர் காட்சியாக்கியிருக்கிறார்; அதை உண்மையான விசுவாசம் என்றே நான் சொல்வேன்.

லூஸி பனிக்காட்டில் முதலடி வைக்கிற இடமும் அப்படியே. அந்த வேஷத்தில் நடித்த ஜார்ஜி ஹென்லி என்ற சிறுமிக்குப் படப்பிடிப்பு நாள் வரையில் அந்தச் செட்டைக் காட்டாமலே வைத்திருந்து, கண்ணைக் கட்டி அழைத்துவந்து, காமிரா ஓடிக்கொண்டிருக்கையில்தான் பார்க்கவிட்டார்கள். அவள் முகத்தில் நாம் காணும் வியப்பு நடிப்பன்று. அந்த ஷாட்டை அவசரமாக வெட்டாமல், அவள் பார்க்கப் பார்க்க நாமும் பார்க்கும்படி எடிட்டர் விட்டிருக்கிறாரே, அங்கே லூயிஸின் நிதானம் அப்படியே இருக்கிறது.

மனம் நொந்த இடம் பனி உருகுவது. நூலில் அது ஏறக்குறைய ஓர் அத்தியாயத்தின் பிற்பகுதி முழுவதும் நடைபெறுகிறது. சறுக்கு வண்டி சேற்றில் சிக்குகிறது; எங்கோ நீரோடும் சப்தம் கேட்கிறது; கைகள் கட்டப்பட்டு, சூனியக்காரியின் முன்னால் தடுக்கித் தடுக்கி நடக்கும் எட்மண்டின் கண்ணெதிரே ஒரு மரம் வெண்மையைக் களைகிறது, பிறகு மற்றொன்று; பூக்கள் ஒவ்வொரு நிறமாகத் தலைகாட்டுகின்றன; பறவை ஒன்று கூவ, வேறொன்று பதில் சொல்கிறது. வசந்தம் வருவதைத் துரோகியும் கைதியுமான ஒரு பையனின் கண்கொண்டு காட்டினாரே, அது எவ்வளவு பெரிய கருணை! படத்தில் இதற்குப் பதிலாக, உறைந்த ஆற்றின் மேல் மற்ற மூன்று குழந்தைகளும் ஓநாய்களிடம் சிக்கி நிற்க, நீர்வீழ்ச்சி வெடித்துச் சரிந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போகிறது. அந்தக் காட்சியின் தொழில் நேர்த்தியை நான் குறைகூற மாட்டேன். பீட்டரின் தயக்கத்தைக் காட்ட அது பயன்படுகிறது என்பதும் உண்மையே. ஆயினும், துளித்துளியாக நிகழ்ந்த அற்புதம் பேரிடி போன்ற விபத்தாக மாறிவிட்டது. எட்மண்டுக்குக் கிடைக்க வேண்டிய வசந்தம் அவனுக்குக் கிடைக்காமலே போயிற்று. இறுதிப் போரும் இவ்வாறே வளர்ந்திருக்கிறது. நூலில் போரின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு மறைவாகவே நடக்கிறது. அஸ்லானோடும் சிறுமியரோடும் நாம் போய்ச் சேரும்போது அது உச்சத்தில் இருக்கிறது, எட்மண்டின் வீரத்தைப் பீட்டர் பின்னால் சொல்லித்தான் அறிகிறோம். சிறு வயதில் படித்தபோது அந்தப் போர் தம் மனத்தில் மகா யுத்தமாகப் பதிந்திருந்ததாகவும், பிற்பாடு நூலை எடுத்துப் பார்க்கையில் அது சில பக்கங்களே இருக்கக் கண்டதாகவும் ஆடம்ஸன் கூறியிருக்கிறார். தம் ஞாபகத்துக்கு அவர் உண்மையாக இருந்தார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு அந்த ஞாபகத்தைத் தந்ததே அந்தச் சில பக்கங்களின் சுருக்கம்தானே! நூல் விட்டுவைத்த இடத்தை நிரப்பிக்கொள்ளும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு அந்த இடத்தை அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரே படம் மிகுந்த விசுவாசத்தையும் அதற்கு நேர்விரோதமானதையும் ஒருங்கே கொண்டிருக்கலாம் என்பதற்கு 1939-இல் வந்த 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' தக்க சான்று. 1900-இல் வெளியான எல். ஃபிராங்க் பாமின் நூலைத் திறந்தால், கான்ஸஸ் சமவெளியின் சாம்பல் நிறமே முதற் பக்கங்களை ஆக்கிரமிக்கிறது: நிலம், புல், வீடு, சித்தியின் கண், சித்தப்பாவின் தாடி எல்லாம் ஒரே நிறம் என்று கதைசொல்லி அடுக்கிக்கொண்டே போகிறார். படத்தை எடுத்தவர்கள் கான்ஸஸ் காட்சிகளைப் பழுப்பு நிறச் சாயலில் எடுத்து, டாரதி என்ற சிறுமி ஆஸ் தேசத்துக்குக் கதவைத் திறந்ததும் டெக்னிகலர் வண்ணங்கள் பொங்கும்படி செய்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்காக வீட்டின் உட்புறத்தைப் பழுப்பு வர்ணத்தாலேயே பூசி, பழுப்பு உடை தரித்த மாற்றுப் பெண் ஒருத்தியைக் கொண்டு கதவைத் திறக்கச் செய்து, அவள் ஒதுங்கியதும் டாரதியாக நடித்த ஜூடி கார்லண்டை நீல உடையில் நடந்துவரச் செய்தார்கள். பாம் வார்த்தைகளால் செய்ததை வர்ணத்தால் செய்த அந்த ஷாட்டுக்கு நிகராக எங்கள் தொழிலில் வேறொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம். வெள்ளிக் காலணி மாணிக்கச் சிவப்பாக மாறியதைப்பற்றி எனக்குக் குறையில்லை. வண்ணப் படத்துக்கு வண்ணம் வேண்டும். ஆனால் முடிவில் டாரதி படுக்கையில் கண்விழித்து, கண்டதெல்லாம் கனவு என்று ஆக்கிவிட்டார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நூலில் ஆஸ் தேசம் மெய்யானது. அவள் திரும்பி வரும்போது, சூறைக்காற்றில் போன வீட்டுக்குப் பதிலாகச் சித்தப்பா கட்டிய புது வீடு நிற்கிறது, அவள் காலில் காலணி இல்லை. தன் கதையை மெய் என்று சாதிக்கிற கதைசொல்லியை நம்பிக் கூடவே வந்த குழந்தையிடம், வழி முடிந்த பிறகு எல்லாம் பொய் என்று சொல்வது நம்பிக்கைத் துரோகம்.

முடிவுகளைப்பற்றிப் பேச்சு வந்ததால் ரோல்ட் டாலின் 'தி விட்சஸ்' கதையையும் குறிப்பிட வேண்டும். 1983-இல் வந்த அந்நூலில் எலியாக மாற்றப்பட்ட சிறுவன் கடைசிவரை எலியாகவே இருக்கிறான். எலியின் ஆயுள் குறுகியது என்பதை அறிந்தும் அவன் வருந்துவதில்லை; பாட்டிக்கும் அவ்வளவு காலமே எஞ்சியிருப்பதால், தன்னை நேசித்தவளுக்குப் பிறகு தான் தனியே வாழ வேண்டியதில்லை என்பதில் அவனுக்குத் திருப்தி. நிக்கலஸ் ரோக் 1990-இல் எடுத்த படத்தில் அவனை மறுபடி சிறுவனாக்கிவிட்டார்கள். நூலாசிரியருக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் இந்த மாற்றம் எப்படி நேர்ந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே போகக் கூடாது என்ற நியாயமான கவலை கொண்ட ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். ஆனால் டாலின் குழந்தை வாசகர்கள் அந்த முடிவைப் பல்லாண்டுகளாகச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதைச் சுமக்கத் தெரியும். 2020-இல் மறுபடியும் அக்கதையைப் படமாக்கியவர்கள் சிறுவனை எலியாகவே விட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லலாம். உரிமை ஒப்பந்தத்தின் நிபந்தனை காரணமாக நூலின் பெயரை மாத்திரம் சொல்ல இயலாது. பாழடைந்த மாளிகையொன்றில் நடக்கும் கதை அது. ஒவ்வொரு பயங்கரத்துக்கும் முன்னால் கதைசொல்லி குறுக்கிட்டு, இன்றிரவு யாருக்கும் தீங்கு நேராது என்று குழந்தைக்கு உறுதி சொல்லிவிட்டே தொடர்வார். ஒரே ஓர் இரவு மட்டும் அந்த உறுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். இந்தக் குரலைப் பின்னணிப் பேச்சாக வைக்கலாம் என்று முதலில் யோசனை வந்தது. பின்னணிப் பேச்சு எப்போதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது படத்தின் மேல் ஒட்டிய காகிதமாக நின்றுவிடுகிற அபாயம் அதிகம். கடைசியில், மாளிகையின் வயோதிகப் பணிப்பெண் மாடிப்படியின் திருப்பத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போவதைத் திரைக்கதையில் எழுதினேன். கதைசொல்லி உறுதி கூறும் ஒவ்வோர் இரவிலும் அந்த விளக்கு எரிந்தது. அவர் மௌனமாயிருந்த இரவில் அது எரியவில்லை. எடிட்டிங் அறையில் ஓட்டத்தைத் துரிதப்படுத்துவதற்காக, ஒன்றும் நடக்காத ஷாட்டுகள் என்று சொல்லி விளக்கேற்றுவதை எல்லாம் அகற்றிவிட்டார்கள். பிறகு குழந்தைகளைக் கூட்டிப் போட்டுக் காட்டியபோது, சிறியவர்கள் பாதிப் படத்திலேயே பெற்றோரின் மடியில் முகம் புதைத்துக்கொண்டார்கள். படம் முன்பைவிடப் பயங்கரமாகிவிடவில்லை. துணைக்கு இருந்தவர் போய்விட்டார், அவ்வளவே. விளக்கைத் திருப்பி வைத்தபிறகு அதே வயதுக் குழந்தைகள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். விளக்கெரியாத இரவு வந்ததும் கொட்டகை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. விளக்கைப்பற்றி ஒருவர்கூட எங்களிடம் கேட்கவில்லை.

இத்தகைய நுட்பங்களைக் காப்பாற்றுவது எவ்வளவு பிரயாசையான காரியம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறக்குறையத் திரையில் ஒரு நிமிஷம் என்பது எங்கள் கணக்கு. இருநூறு பக்க நூலை நூற்றிருபது பக்கத்துக்குள் அடக்க வேண்டும், அந்த நூற்றிருபதில் பாதி வெள்ளை இடம். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு திருத்தப்படுகிற பக்கங்கள் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திருத்தத்துக்கு ஒரு நிறமாக வந்துகொண்டேயிருக்கும். நடிக்கும் குழந்தைகளை இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடமும் நடத்தியாக வேண்டும் என்பது சட்டம், நல்ல சட்டம். ஆனால் பொழுது சாயும்போது மீதியிருக்கும் கால் மணி நேரத்தில் எதை எடுப்பது என்று தீர்மானிக்க நேர்கையில், டிராகனை விட்டுவிட்டு விளக்கை எடுப்போம் என்று சொல்பவர் எவரும் இரார். டிராகனோ அங்கே இல்லவே இல்லை. கோலின் நுனியில் செருகிய டென்னிஸ் பந்து ஒன்றைப் பார்த்துத்தான் குழந்தை நடுங்க வேண்டும். மேலும் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். எட்டு மாதத்தில் பல் விழுகிறது, குரல் உடைகிறது. இந்த நிர்ப்பந்தங்களுக்கிடையே நூலின் மீது அன்புள்ளவர் ஒருவராவது அந்தத் தளத்தில் சிவப்புப் பென்சில் கோடுகளை நினைவில் வைத்துக்கொண்டு நின்றாக வேண்டும்.

குரலுக்கு நேராகவே ஓர் உருவம் கொடுத்து வென்றவர் வில்லியம் கோல்ட்மன். தாமே எழுதிய 'தி பிரின்ஸஸ் பிரைட்' நாவலுக்கு அவரே திரைக்கதை எழுதினார். 1987-இல் வந்த படத்தில் காய்ச்சலாய்ப் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறார், பையன் பயந்தால் நிறுத்தி ஆறுதல் சொல்கிறார், முத்தக் காட்சி வந்தால் பையன் ஆட்சேபிக்கிறான். இதற்கு நேர்மாறாக 'தி ஹாபிட்' போன்ற சிறிய நூலை 2012 முதல் 2014 வரை மூன்று பெரும் படங்களாக விரித்தபோது, சம்பவம் எதுவும் குறையவில்லை, வெகுவாகக் கூடிற்று. டோல்கியனின் அந்த அன்பான குரல்தான் ஆரவாரத்தில் கேட்காமல் போயிற்று. நீளத்துக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இவ்விஷயத்தில் எனக்குக் குருவாக இருந்தது ஓர் இந்தியப் படம் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, தாம் நடத்திய 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் பத்திரிகையில் எழுதிய 'கூபி காயேன் பாகா பாயேன்' கதையை, அவருடைய பேரரான சத்யஜித் ராய் 1969-இல் படமாக எடுத்தார். ஊரால் துரத்தப்பட்ட பாடகனும் முரசடிப்பவனும் காட்டில் பேய்களின் அரசனைச் சந்தித்து மூன்று வரங்கள் பெறுகிறார்கள். அச்சிட்ட பக்கத்தில் பேய்களின் ஆட்டத்தைக் கதைசொல்லி தம் உற்சாகத்தாலேயே ஆடவைத்துவிடலாம். படத்தில் பேய் எப்படி இருக்கும்? ராய் ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளுகிற ஒரு நடனத்தை அமைத்தார். நான்கு வகைப் பேய்கள், அரசர்களும் குடியானவர்களும் வெள்ளைக்காரர்களும் பருத்த மனிதர்களுமாக, தனித்தனியாகவும் கலந்தும் ஆடுகிறார்கள். அவர்களுக்கு வாத்தியமாக அவர் தேர்ந்தெடுத்தவை நம் தென்னாட்டுக் கச்சேரி மேடையின் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகிய நான்கே. பாட்டு இல்லை, சுருதி வாத்தியம் இல்லை, தாளம் மாத்திரம். வசனம் ஒன்றுமில்லாத அந்தத் தாளத்தில் வங்காளத்துப் பாட்டனாரின் குறும்பு முழுவதும் கேட்கிறது. தாத்தாவின் கதையில் இல்லாத எத்தனையோ விஷயங்களை ராய் சேர்த்திருக்கிறார். படத்தின் யுத்த எதிர்ப்பு அவருடைய காலத்துக்கு உரியது. அப்படியிருந்தும் அந்தக் கதையை மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் எவரும் இது வேறு கதை என்று சொல்ல மாட்டார்கள். லண்டன் தென்கரையிலுள்ள திரையரங்கில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, வங்காளி ஒரு வார்த்தையும் தெரியாத ஆங்கிலக் குழந்தைகள் அந்த நடனத்தின்போது நாற்காலிக் கைகளில் தாளம் போட்டதை நான் கண்டேன்.

இப்போது நார்னியா வரிசையில் 1955-இல் வெளியான 'தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ' நூலைப் படமாக்கும் பொறுப்பை கிரேட்டா கெர்விக் ஏற்றிருக்கிறார். அந்த வேலையில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா, நூலை எடுத்து வாய்விட்டுப் படித்துக் கோடிட்டுப் பார்த்தேன். சிங்கம் பாடப் பாட ஓர் உலகம் உருவாவதைப்பற்றி எனக்குக் கவலையில்லை, இசையமைப்பாளரும் சித்திரக் கலைஞரும் அதற்கென்றே காத்திருப்பார்கள். நோயுற்ற தாய்க்காக டிகரி என்னும் சிறுவன் ஆப்பிளைப் பறிக்கும் இடமும் நல்ல நடிகன் கிடைத்தால் தானே அமைந்துவிடும். ஆபத்து இருப்பது உலகங்களுக்கு இடைப்பட்ட அந்தக் காட்டில். பச்சை ஒளி, எண்ணற்ற சிறு குட்டைகள், பறவையில்லை, பூச்சியில்லை, காற்றில்லை; அங்கே போனவர்களுக்குத் தாங்கள் யார் என்பதே மெல்ல மறந்துபோகிறது. எதுவும் நடவாததே அந்த இடத்தின் தத்துவம். அரை நிமிஷத்தில் அதைக் கடந்துவிடும்படி எந்தத் தயாரிப்பாளரும் வற்புறுத்துவார். திரைக்கதை என் கையில் இருந்தால் அதற்கு நாலு பக்கமாவது கேட்பேன். முதல் இரண்டு பக்கத்தில் பேச்சே இராது. மூன்றாம் பக்கத்தில்தான், முதுகில் மஞ்சள் மோதிரம் கட்டப்பட்ட கினிப் பன்றி புல்லில் மேய்ந்தபடி வரும், அதைப் பார்த்துத்தான் இரு குழந்தைகளுக்கும் தங்களைப்பற்றிய ஞாபகம் திரும்பும். முந்தைய இரண்டு பக்கங்களையும் வெட்டிவிட்டால் அந்தக் கினிப் பன்றிக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடும் என்பதை, படப்பிடிப்புக்கு முன்னமே எடிட்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வேன்.